முறைத்துப் பார்க்காத ஊர்



முகத்தில் அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பினால், நாம் முதலில் விசாரிப்பது மருத்துவரைப் பற்றித்தான். எந்த மருத்துவமனை, எவ்வளவு செலவு, பழைய முகம் வந்துவிட்டதா என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால் முகத்தைச் செப்பனிடுவது முழுக்க மருத்துவருடைய பொறுப்பு என்ற எண்ணம் அந்தக் கேள்விகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பாதி வேலைதான் அவருடையது. மற்றப் பாதி, அந்த முகத்தை நாள்தோறும் பார்க்கப்போகிறவர்களுடையது. இதை ஒரு மருத்துவரே நன்கு அறிந்திருந்தார். அறிந்து, ஓர் ஊரையே தம் சிகிச்சைக்குள் இழுத்துக்கொண்டார். அவரைப் பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ. 1900-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்தவர். தந்தை அச்சுத் தொழில் செய்தவர், தாய் ஓவியர். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று, உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவர் பெயர் பெற்றது முகத்தில் அன்று, கல்லீரலில். இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மாய்னிஹன் பிரபு இந்த இளைஞரின் கைத்திறனைக் கண்டு, இங்கிலாந்துக்கு வந்தால் எதிர்காலம் உண்டு என்று நம்பிக்கையளித்தார். அதை நம்பி 1930-இல் குடும்பத்தோடு லண்டன் வந்து இறங்கினார் மெக்கிண்டோ. வேலை எதுவும் காத்திருக்கவில்லை. பெரிய மனிதர் ஒருவரின் வாய்வார்த்தையை நம்பி ஊர் மாறியவர்கள் நம் சபையிலும் உண்டு. அந்த முதல் சில மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது கைகொடுத்தவர் அவருடைய உறவினரான சர் ஹெரால்டு கில்லிஸ். அவரும் டனீடன் நகரத்தவரே. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக லண்டனுக்கு அருகே சிட்கப் என்னும் இடத்தில் 1917-இல் தனி மருத்துவமனை உருவாகக் காரணமானவர். அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. கில்லிஸ்தான் மெக்கிண்டோவை இந்தத் துறைக்குள் அழைத்து வந்தார். முப்பதுகளில் மெக்கிண்டோ செய்தவற்றில் பெரும்பகுதி வசதி படைத்தவர்களின் மூக்கைத் திருத்துவது போன்ற அழகுச் சிகிச்சைகளே. அதில் நன்றாகவே சம்பாதித்தார்.

இங்கே ஒரு வார்த்தை. அழகுக்காக முகத்தைத் திருத்திக்கொள்வது படைத்தவரைக் குறைகூறுவதாகும் என்று பிரசங்க மேடைகளில் சிலர் முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளவுபட்ட உதட்டைத் தைப்பதற்கும் கோணிய மூக்கை நிமிர்த்துவதற்கும் இடையே கோடு கிழிக்க நாம் யார்? ஒன்று மட்டும் நிச்சயம்: பணக்காரர்களின் மூக்கில் பழகிய அந்தக் கைகள்தாம் பின்னர் எரிந்துபோன இளைஞர்களுக்கு இமை செய்து கொடுத்தன.

சிட்கப்பைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அந்த மருத்துவமனையிலிருந்து ஊருக்குள் செல்லும் வழியில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். அவற்றில் முகம் சிதைந்த வீரர் அமர்ந்திருக்கக்கூடும் என்று வழிப்போக்கர்களை எச்சரிப்பதற்காக அந்த ஏற்பாடு. வார்டுகளில் கண்ணாடி வைக்கவும் தடை இருந்தது. செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர், இரக்கத்தோடுதான் செய்தார்கள். ஊரார் திடுக்கிட்டால் நோயாளி நொந்துபோவான், ஆகவே ஊராரை முன்கூட்டியே விலக்கிவிடுவோம் என்று கருதினார்கள். ஆயினும் அந்த நீல இருக்கையில் அமர்ந்திருந்தவன் என்ன உணர்ந்திருப்பான்? தன்னை நோக்கி வந்த காலடிகள் சற்றுத் தொலைவிலேயே திசை மாறுவதை அவன் கேட்டிருப்பான் அல்லவா?

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டன் முழுவதிலும் இத்துறையில் முழுநேரமாக ஈடுபட்டிருந்த மருத்துவர்கள் நான்கே பேர். விமானப் படையின் ஆலோசகராக இருந்த மெக்கிண்டோ 1939-இல் லண்டனை விட்டுத் தெற்கே சசெக்ஸ் பகுதியிலுள்ள ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூருக்கு மாறினார். அங்கிருந்த குயின் விக்டோரியா மருத்துவமனை ஒரு சிறிய ஊர் மருத்துவமனை. அதன் வளாகத்தில் ராணுவத்தார் போடும் மரக்குடில் போன்ற ஒன்றே மூன்றாம் வார்டு. அடுத்த சில ஆண்டுகள் அவருடைய உலகம் அதற்குள் அடங்கியது. தலைநகரின் செல்வாக்கான தொழிலை விட்டுச் சிற்றூருக்குப் போவது அவருக்கு இறக்கமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவர் செய்யவிருந்த காரியத்துக்குச் சிறிய ஊர்தான் ஏற்றது.

1940-இன் கோடையில் விமானிகள் வரத் தொடங்கினர். பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். அந்நாளைய ஹரிக்கேன் போர் விமானத்தில் விமானிக்கு முன்னாலேயே எரிபொருள் தொட்டி ஒன்று இருந்தது. அதில் குண்டு பாய்ந்தால் சில நொடிகளில் தீ நேரே முகத்தில் அடிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணியாதவர்களுக்கு முகமும் கைகளும் ஒருசேர வெந்துபோயின. இதற்கு விமானியின் தீக்காயம் என்றே மெக்கிண்டோ பெயரிட்டார்.

அக்காலத்தில் தீக்காயத்துக்கு டேனிக் அமிலத்தைத் தடவுவது வழக்கம். அது காயத்தின் மேல் தோல்பதனிட்டது போன்ற கெட்டியான ஓட்டை உண்டாக்கும். சிறிய காயத்துக்கு அது போதுமானதாக இருந்தது. முகத்திலும் கையிலும் பூசினாலோ, இமைகள் சுருங்கி மூட முடியாமல் போயின. விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. மெக்கிண்டோ இதை எதிர்த்து வாதாடி நிறுத்தச் செய்தார். கடலில் விழுந்து மீட்கப்பட்ட விமானிகளின் காயங்கள், தரையில் விழுந்தவர்களின் காயங்களைவிட நன்றாக ஆறுவதை அவர் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததே வெதுவெதுப்பான உப்பு நீர்த் தொட்டிக் குளியல். கட்டுத்துணியைப் பிய்த்தெடுக்கும் வேதனையும் அதனால் குறைந்தது.

பிறகு முகத்தைக் கட்டும் வேலை. மேற்கையின் உட்புறத்து மெல்லிய தோலை எடுத்து இமை செய்வார்கள். மூக்குக்கு அதிகச் சதை வேண்டும். அதற்குக் கில்லிஸ் வகுத்த குழாய் முறை இருந்தது: உடலின் வேறிடத்தில் தோலையும் அதனடிச் சதையையும் நீளப் பட்டையாகக் கிளப்பி, குழாய்போல் சுருட்டித் தைத்து, ஒரு முனையை முகத்தில் பொருத்துவார்கள். மறுமுனை பழைய இடத்திலேயே இருக்கும். இரத்தம் அதன் வழியாக வந்துகொண்டிருக்கும். முகத்திலுள்ள முனை வேர்பிடித்த பின்னரே மறுமுனையை வெட்டுவார்கள். அதுவரை யானைத் தும்பிக்கை போன்ற ஒன்று முகத்திலிருந்து தோளுக்கோ மார்புக்கோ தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கோலத்தில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். ஓர் அறுவை முடிந்தால் ஆறும்வரை காத்திருந்து அடுத்தது. சிலருக்கு இப்படி ஆண்டுகள் கழிந்தன. 90 நாட்களுக்கு மேல் மருத்துவமனையில் இருப்பவரைப் படையிலிருந்து விலக்கிவிடும் விதி ஒன்று இருந்தது. மெக்கிண்டோ மேலதிகாரிகளோடு சண்டையிட்டு அதை மாற்ற வைத்தார்.

இத்தனை ஆண்டுகள் ஒருவன் எங்கே வாழ்வது? வார்டுக்குள் ஒளிந்தா? இங்கேதான் மெக்கிண்டோ தம் ஆசானின் வழியிலிருந்து விலகினார். நோயாளிகளுக்கென்றே தரப்பட்ட நீல உடையைத் தள்ளிவிட்டு, அவர்களுடைய சொந்த உடையையோ படைச் சீருடையையோ அணியச் செய்தார். அதிகாரி, சாதாரண வீரன் என்ற வேறுபாடின்றி அடுத்தடுத்த கட்டில்களில் படுக்க வைத்தார். வார்டில் ஒரு பீர் பீப்பாயும் இருந்தது. (போதகர் இதை எழுதலாமா என்று மூப்பர் ஒருவர் கேட்கக்கூடும். நடந்தது அதுதான்.) 1941 ஜூலையில் நோயாளிகள் 39 பேர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினர். சோதனைக்கூடத்துக் கினிப்பன்றியின் பெயரையே அதற்கு வைத்துக்கொண்டார்கள். நிதியை எடுத்துக்கொண்டு ஓட முடியாதபடி கால் வெந்தவரைப் பொருளாளராகவும், அதிகம் எழுத முடியாதபடி கை வெந்தவரைச் செயலாளராகவும் தேர்ந்தெடுத்தார்கள். போர் முடிகையில் உறுப்பினர் எண்ணிக்கை 649.

அடுத்து அவர் ஊரைத் தேடிப் போனார். இந்த இளைஞர்கள் உங்கள் தெருக்களில் நடப்பார்கள், உங்கள் கடைகளுக்கு வருவார்கள், அவர்களைக் கண்டு முகத்தைத் திருப்பாதீர்கள், முறைத்தும் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நெவில் பிளாண்ட், எலைன் பிளாண்ட் என்ற தம்பதியர் வீடுவீடாக ஆதரவு திரட்ட உதவினர். ஊரார் தங்கள் வீடுகளுக்கு நோயாளிகளைச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். தங்க இடம் கொடுத்தார்கள். நடன அரங்கிலும் திரையரங்கிலும் பக்கத்தில் அமர்ந்தார்கள். முறைத்துப் பார்க்காத ஊர் என்ற பெயர் அந்த ஊருக்கு நிலைத்தது. அந்த ஊர் துன்பம் அறியாததும் அன்று. 1943 ஜூலை 9 அன்று ஜெர்மானிய விமானம் வீசிய குண்டுகள் விழுந்து, திரையரங்கிலும் கடைவீதியிலும் 108 பேர் மாண்டனர்.

இந்தக் கதையைத் தேன் தடவிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தப் பகுதியில் வளர்ந்த லிஸ் பிர்ஸ்கி என்ற எழுத்தாளர், குழந்தைப் பருவத்தில் அந்த முகங்களைக் கண்டு தாம் எவ்வளவு அஞ்சினார் என்பதைப் பிற்காலத்தில் எழுதினார். அந்த வார்டின் செவிலியர் அனுபவித்த சங்கடங்களையும் அவரே பதிவு செய்தார். நோயாளிகளின் மனம் மலர வேண்டும் என்பதற்காக, அவர்களுடைய கேலியையும் எல்லை மீறலையும் பொறுத்துக்கொள்ளும்படி அந்தப் பெண்கள் விடப்பட்டார்கள். மெக்கிண்டோவும் முரட்டுச் சுபாவமும் பிடிவாதமும் உடையவரே. ஆகவே அவரைப் புனிதராக்க நான் முயலவில்லை. முறைத்துப் பார்க்காமலிருப்பது அந்த ஊருக்கு இயல்பாகவே வந்துவிடவில்லை என்பதைத்தான் குறிப்பிடுகிறேன். அச்சம் இருந்தது, அச்சத்தோடே கதவைத் திறந்தார்கள்.

அதன் மதிப்பை அறிய, பில் ஃபாக்ஸ்லி என்பவரின் வாழ்க்கையைப் பாருங்கள். விபத்துக்குள்ளான விமானத்திலிருந்து தப்பி வெளியேறியவர், உள்ளே சிக்கிய தோழரை மீட்கத் திரும்பவும் தீக்குள் சென்றார். முகமும் கைகளும் வெந்து, ஒரு கண்ணின் பார்வையும் போயிற்று. மெக்கிண்டோவின் நோயாளிகளில் மிகக் கடுமையாக எரிந்தவர்களில் அவர் ஒருவர். போருக்குப் பின் நெடுங்காலம் ரயிலில் லண்டனுக்கு வேலைக்குச் சென்றுவந்தார். கூட்டம் மிகுந்த அந்த ரயிலிலும் அவருக்குப் பக்கத்து இருக்கை பலமுறை காலியாகவே இருந்தது. உட்கார வருகிறவர்கள் முகத்தைப் பார்த்ததும் வேறு பக்கம் போய்விடுவார்கள். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் தெருவில் நடந்ததும் இதே முகந்தான். ரயிலில் அதற்குப் புதிதாக ஒரு காயமும் ஏற்பட்டிருக்கவில்லை.

நமக்கு அருகிலும் இதற்குச் சாட்சி உண்டு. கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். சப்பிப்போன மூக்கை உயர்த்தினார். உதிர்ந்த புருவத்துக்குத் தலையிலிருந்து முடியுள்ள தோலை மாற்றி வைத்தார். தலைமுடி ஆதலால் அந்தப் புருவம் வளர்ந்துகொண்டே போகும், கத்தரித்துவிட வேண்டும். சில நோயாளிகளோ கத்தரிக்க மனமின்றிப் பெருமையோடு நீளமாக வளரவிட்டார்கள். இதைப் படித்து நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. புருவம் இல்லாதிருந்த ஆண்டுகளில் ஊர் அவர்களை எப்படிப் பார்த்திருந்தால் அந்தப் பெருமை வந்திருக்கும்!

பிராண்டுக்கும் ஒரு கட்டத்தில் முட்டுச்சுவர் எதிர்ப்பட்டது. விரல் நிமிர்ந்து ஊருக்குப் போனவர்கள் துயரத்தோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. தொழுநோயாளி என்று அறிந்தவர்கள் அந்தக் கைக்கு வேலையும் கொடுக்கவில்லை. ஆகவே கல்லூரி வளாகத்திலேயே சிறு வீடுகள் கட்டி, நவஜீவ நிலையம் என்று பெயரிட்டு, தச்சு வேலை கற்பித்தார்கள். அறுவைக் கத்தி தன் பங்கைச் செய்து முடித்திருந்தது. ஊர் தன் பங்கைச் செய்யாததால் மருத்துவர்களே ஓர் ஊரைக் கட்ட வேண்டியதாயிற்று.

பிரியமானவர்களே, நம் சபை ஒரு சிற்றூரின் அளவே. அடுப்புத் தீயில் வெந்த சகோதரிகள் நம்மிடையே உண்டு. வாய்ப் புற்றுநோய்க்குத் தாடை எடுக்கப்பட்டவர்கள் உண்டு. வெண்புள்ளி படர்ந்த இளம்பெண்களும், உதட்டில் தையல் தழும்போடு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உண்டு. நாம் நீல வண்ணம் பூசுவதில்லை. ஆனால் கடைசி வரிசையின் ஓரத்து இருக்கை யாருக்கென்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்பே எழுந்துபோகிறவர்கள் யாரென்றும் தெரிந்திருக்கிறது.

முன்பு நான் ஊழியம் செய்த சபையொன்றில், தாடை அறுவைக்குப் பின் ஒரு பெரியவர் அன்பின் விருந்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். உண்ணும்போது வாயோரம் குழம்பு வழியும். முதல் தடவை பந்தியில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள், மரியாதைக்காகத்தான். அவருக்கு அந்த மரியாதை போதும் போதும் என்றாகிவிட்டது. பின்னர் ஒரு வாலிபன் அவர் வீட்டுக்குப் போய், ஸ்கூட்டரில் கூட்டி வந்து, இலைக்கு எதிரே அல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கிரிக்கெட் பேசிக்கொண்டே சாப்பிட்டான். வழியும்போது துண்டை நீட்டினான், பேச்சை நிறுத்தவில்லை. அன்று பந்தியில் எவரும் அறிவுரை சொல்லவில்லை. பாவம் என்ற சொல்லும் எழவில்லை.

அந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஒரு கருத்துண்டு. தழும்புள்ளவரைக் கண்டதும் நாக்கை உச்சுக்கொட்டிப் பாவம் என்பதை இரக்கம் என்று எண்ணுகிறோம். அது முறைத்துப் பார்ப்பதன் இன்னொரு வடிவம். எப்படி ஆயிற்று என்று முதல் சந்திப்பிலேயே கேட்பதும் அப்படியே. அதைச் சொல்லும் காலத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். வேலை எங்கே, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று மற்றவரிடம் கேட்பதை அவரிடமும் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். பிள்ளைகள் உரக்க ஏதேனும் கேட்டுவிட்டால் வாயைப் பொத்தி இழுத்துப் போகாதீர்கள். அந்த மாமாவுக்குத் தீக்காயம் பட்டது, வணக்கம் சொல் என்று அங்கேயே சொல்லிக்கொடுங்கள். வாசிப்புக்கும் பாடகர் குழுவுக்கும் ஆட்களைத் தேடுகையில் கடைசி வரிசையையும் எட்டிப் பாருங்கள். சபையின் ஆண்டுவிழாப் புகைப்படத்தில் யார் எப்போதும் ஓரத்தில் நிற்கிறார் என்பதை அந்தப் படங்களை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

ஏசாயா தீர்க்கதரிசி 53-ஆம் அதிகாரத்தில் வரைந்து காட்டும் தாசனுக்கு அழகில்லை, மக்கள் தங்கள் முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். அந்த அதிகாரத்தைப் பெரிய வெள்ளியன்று கண்ணீரோடு வாசிக்கிறோம். உயிர்த்தெழுந்த பின்னும் அவருடைய உடலிலிருந்து தழும்புகள் நீக்கப்படவில்லை. தோமாவிடம் அவற்றையே காட்டினார். இறையியல் கல்லூரியில் இதைப் பற்றி நீண்ட கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். தழும்பேறிய முகத்தோடு ஞாயிறு காலை வாசலில் நிற்பவருக்கு அந்தக் கட்டுரைகள் பயன்படுவதில்லை. அவருக்கு வேண்டியது பக்கத்தில் ஓர் ஆள்.

மெக்கிண்டோவின் நோயாளிகளில் ரிச்சர்டு ஹில்லரி என்ற இளைஞர் ஒருவர். அவருக்குப் புதிய இமைகள் செய்யப்பட்டன. தம் அனுபவத்தை எழுதி 1942-இல் வெளியிட்டார்; கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த சொல்லால் கடைசிச் சத்துரு என்று அதற்குப் பெயரிட்டார். மீண்டும் விமானம் ஓட்டப் போராடி அனுமதி பெற்று, 1943 ஜனவரியில் பயிற்சியின்போது விழுந்து இறந்தார். மெக்கிண்டோ 1960-இல் தம் 59-ஆம் வயதில் தூக்கத்திலேயே காலமானார். போர்முனைக்குச் செல்லாத அவருடைய அஸ்தி, லண்டனில் விமானப் படையினரின் ஆலயமான புனித கிளமெண்ட் டேன்ஸில் வைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய நோயாளிகளோ பல பத்தாண்டுகள், 2007 வரையிலும், ஆண்டுதோறும் கூடிவந்தார்கள்.

2014-இல் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் ஒரு சிலை திறக்கப்பட்டது. செதுக்கியவர் மார்ட்டின் ஜென்னிங்ஸ். அவருடைய தந்தையும் மெக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவரே. வெந்த கைகளோடு ஒரு விமானி உட்கார்ந்திருக்கிறான். பின்னால் நிற்கும் மருத்துவரின் கைகள் அவன் தோள்களில் இருக்கின்றன. சிலையைச் சுற்றி வளைவாக ஒரு கல் இருக்கை அமைத்திருக்கிறார்கள். அதற்கு வண்ணம் ஏதும் பூசவில்லை. கடைக்கு வந்தவர்கள் பையை இறக்கி வைத்துவிட்டு அதில் சற்று நேரம் உட்காரலாம்.